மேகமலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த சனிக்கிழமை

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை என் மவுண்டன் பைக்கை எடுத்துக்கொண்டு தேனி மாவட்டத்து மேகமலைக்குத் தனியாகப் போனேன். ஆறு மாதம் ஆசைப்பட்டு, காசு சேர்த்து, வீட்டில் சொல்லிச் சம்மதம் வாங்கிப் போன பயணம். காட்டுக்குள் 18 கிலோமீட்டர் மண் பாதையில் இறங்கலாம் என்று நம்பிப் போனேன். அந்த மண் பாதையில் ஒரு மீட்டர்கூட ஓட்டவில்லை. கியர் உடைந்த சைக்கிளை ஐந்து கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு திரும்பினேன். செலவு மொத்தம் 12,350 ரூபாய் ஆனது. பணத்தைவிட, யாராவது ஒருத்தர் முன்னாடியே இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இது நடந்திருக்காதே என்ற ஆதங்கம்தான் இன்னும் தீரவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரன். இரண்டு வருடம் முன்னால் 38,000 ரூபாய்க்கு ஒரு ஹார்ட்டெயில் வாங்கினேன், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற சைக்கிள். ஞாயிறு காலையில் நாகமலை அடிவாரம், யானைமலையைச் சுற்றி இருக்கிற மண் ரோடு, கண்மாய்க்கரை என்று ஓட்டுவேன். கண்மாய்க்கரையில் ஈர மண்ணின் மேல் டயர் போகும்போது ஒரு சத்தம் வரும், அதற்காகவே ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறவன் நான். ஆனால் மலையில், நிஜமான இறக்கத்தில், ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் இணையத்தில் ஒரு ஜிபிஎஸ் கோப்பு கிடைத்தது, அதாவது யாரோ போன வழியை வரைபடத்தில் கோடாகக் காட்டுகிற பதிவு. மேகமலையில் ஹைவேவிஸ் என்ற ஊரைத் தாண்டி, வெண்ணியாறு பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்து, சோலைக்காட்டு வழியாகச் சமவெளிக்கு இறங்குகிற ஒரு கோடு. ஆஃப்ரோடு, 18 கிலோமீட்டர், அருமையான காட்சிகள் என்று தலைப்பு. கூடவே நாலைந்து படம். பனி, பச்சை, ஒற்றையடிப் பாதை. அதைப் பார்த்ததும் வேறு எதையும் நான் சரிபார்க்கவில்லை. புதிதாகப் பெரிய பட்டன் வைத்த மண் பாதை டயர் ஒரு ஜோடி 3,400 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் லீவு சொல்லிவிட்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சைக்கிளைப் பார்த்ததும் இரண்டு கம்பம் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர், "முன் சக்கரத்தைக் கழட்டிருங்க தம்பி, பின்னாடி டிக்கில போட்டுக்கலாம்" என்றார். நூறு ரூபாய் லக்கேஜ். இங்கே ஒரு விஷயம். டிக்கியில் போடும்போது கியர் இருக்கிற வலது பக்கம் மேலே பார்த்து இருக்க வேண்டும். நான் அவசரத்தில் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துப் படுக்கப் போட்டேன், அதன் மேல் யாரோ இரண்டு வாழைத்தாரை வைத்திருந்தார்கள். பின் டிரெய்லரை, அதாவது கியர் மாற்றும்போது செயினை நகர்த்துகிற பாகத்தை, சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு அங்கேயே லேசாக வளைந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு இரவு சின்னமனூரில் லாட்ஜில் இறங்கினபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் வந்த சைக்கிளை ஓட்டுவதற்கு முன்னால் பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றி, எல்லா கியரும் ஒழுங்காக விழுகிறதா, செயின் உள்பக்கம் கம்பியை உரசுகிறதா என்று ஐந்து நிமிடம் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை.

காலை நாலே முக்காலுக்குக் கிளம்பினேன். வாழைத் தோட்டம், திராட்சைப் பந்தல், இருட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம், தூரத்தில் மலை கரிய சுவர் மாதிரி. தென்பழனி செக்போஸ்ட் ஆறு மணிக்குத்தான் திறக்கும். அதற்கு முன்னால் போய்க் காத்திருந்தேன். பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டு, "ஆறு மணிக்குள்ள கீழ வந்துரணும்" என்று சொல்லித்தான் விட்டார்கள். இந்த ஆறு மணி என்பது வெறும் பேச்சுக்கு இல்லை. மேகமலைக் காடு இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது, 2021ல் அறிவித்தார்கள். யானையும் காட்டுமாடும் நடமாடுகிற ரோடு. சைக்கிளில் ஏறுகிறவன் கணக்குப் போட வேண்டியது அந்த ஆறு மணியிலிருந்து பின்னால் எண்ணித்தான், கிளம்புகிற நேரத்திலிருந்து இல்லை. இறங்க ஒன்றரை மணி நேரம், பஞ்சர் ஒட்ட ஒரு மணி நேரம் என்று தள்ளினால், மூன்றரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பியாக வேண்டும். நான் இப்படிக் கணக்குப் போடவே இல்லை, ஏனென்றால் வேறு வழியாக இறங்கப்போகிறோம் என்ற நினைப்பு.

ஏற்றம் முழுக்கத் தார் ரோடு, 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். ரோடு நன்றாகவே இருந்தது. எனக்கு முதல் ஏமாற்றம் அதுதான். இந்த ரோடு போடுவதற்கு முன்னால் இது பெயர்போன கரடுமுரடான பாதை, பழைய எழுத்துகளில் எல்லாம் அப்படித்தான் இருக்கும். நான் படித்ததும் அந்தப் பழைய எழுத்துகளைத்தான். மண் பாதை டயரோடு தாரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுவது எப்படி இருக்கும் என்றால், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பது மாதிரி. அந்தப் பட்டன்கள் உருளாமல் ரோட்டைக் கவ்விக் கவ்வி விடும், உறுமல் சத்தம் வேறு. முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்ற, மிதிக்க மிக லேசான கடைசி கியரிலேயே பாதி மலை ஏறினேன். நாலு மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்று நினைத்தது ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. உங்கள் பயணத்தில் பாதிக்கு மேல் தார் என்றால் நடுவில் வழுவழுப்பாகவும் ஓரத்தில் பட்டன் வைத்தும் வரும் டயரே போதும். கடைக்காரர் விற்பதற்காக எதையாவது சொல்வார், மொத்தத் தூரத்தில் எவ்வளவு தார் எவ்வளவு மண் என்று நாம் சொன்னால்தானே அவருக்கும் தெரியும்.

ஆனாலும் மேலே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. பதினொன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் ஹைவேவிஸ். அணைத் தண்ணீரின் மேல் மேகம் கை வைத்துத் தடவுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது, சுற்றிலும் தேயிலை. டீக்கடையில் இரண்டு டீ, நாலு போண்டா. அங்கே உட்கார்ந்துதான் இரண்டாவது பெரிய தப்பைச் செய்தேன். மண் பாதைக்கு டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், அது சரிதான். வீடியோக்களில் இருபது, இருபத்திரண்டு பிஎஸ்ஐ என்று சொல்வார்கள். நானும் இருபதுக்கு இறக்கினேன். அது டியூப்லெஸ் டயர்காரர்கள் சொல்கிற கணக்கு. எனக்கு உள்ளே டியூப் இருந்தது. டியூப் போட்டவர்கள் அவ்வளவு குறைத்தால், கல்லில் மோதும்போது டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டிப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பாம்பு கடித்த தடம் மாதிரியே இருக்கும். என் எடை 68 கிலோ. எனக்கு முப்பதுக்குக் கீழே போகவே கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆளின் எடை, டயரின் அகலம், டியூப் உண்டா இல்லையா, இந்த மூன்றையும் சொல்லாமல் யார் சொல்கிற காற்றுக் கணக்கையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஹைவேவிஸ் தாண்டி மணலாறு, வெண்ணியாறு என்று போகப்போக ரோடு மாறியது. நான் எதிர்பார்த்தது மண். அங்கே இருந்தது உடைந்த தார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓட்டினால்தான் புரிகிறது. மண் பாதை வளையும், இறுகும், டயருக்கு இடம் கொடுக்கும். உடைந்த தாரில் பெயர்ந்த ஜல்லி முஷ்டி அளவுக்குச் சிதறிக் கிடக்கிறது, ஒவ்வொன்றும் நாலு பக்கமும் கூர். அதில் பாதை தேர்ந்தெடுத்து ஓட்ட வழியே இல்லை, எங்கே வைத்தாலும் கல். என்னுடைய முன் ஃபோர்க் சாதாரண ஸ்பிரிங் ஃபோர்க். அது இந்த மாதிரித் தொடர் அதிர்ச்சிக்கு அமுங்கி வெளியே வருவதற்குள் அடுத்த கல் வந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போனது. ஓட்டுகிற சந்தோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது ஒரு துளிகூட இல்லை. இதற்காகவா வந்தோம் என்று தொண்டை அடைத்தது. ஒரு மணிக்கு முன்னால் பின்டயர் பொத்தென்று உட்கார்ந்தது. மாற்று டியூப் இருந்தது, போட்டேன். அரை மணி நேரம் போயிருக்கும், மறுபடியும். இந்தத் தடவை டயரின் பக்கச் சுவரே விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது.

தூறல் ஆரம்பித்துவிட்டது. பஞ்சர் ஒட்டியவர்களுக்குத் தெரியும், ஈரமான ரப்பரில் சொலூஷன் பிடிக்காது. டியூபைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு ஒட்டவைத்துக் காயவைத்தேன். உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, சொலூஷன் தடவி, அது பளபளப்பு போய் மங்கும் வரை விரலால் லேசாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் காத்திருந்தேன். குடை மாதிரி குனிந்து உட்கார்ந்ததில் முதுகு நனைந்தது, ஷூவுக்குள் அட்டை ஏறிக்கொண்டிருந்தது, தட்டிவிடக் கை ஒழியவில்லை. கிழிந்த டயருக்கு உள்ளே பிஸ்கட் உறையை நாலாக மடித்து அண்டை கொடுத்தேன். அது தாங்கியது. ஆனால் வீட்டில் பழைய டயரில் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி வைத்துக்கொண்டால் எவ்வளவோ நிம்மதி, எடையே கிடையாது. மாற்று டியூப் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துப்போங்கள். மழைக்காலத்தில் மலையில் ஒட்டுவதை நம்பிப் போகக் கூடாது. அட்டைக்கு உப்புப் பொட்டலம் ஒன்று.

இரண்டரைக்கு, ஜிபிஎஸ் கோடு ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். குறுக்கே ஒரு சங்கிலி. பக்கத்தில் அனுமதியின்றி நுழையக் கூடாது என்று போர்டு. சங்கிலிக்கு அந்தப் பக்கம் தேயிலைக்கு நடுவில் பாதை தெரிந்தது, படத்தில் பார்த்த அதே பாதை. கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். சங்கிலியைத் தூக்கிவிட்டு நுழைய ஒரு நிமிடம்கூட ஆகாது, யாரும் இல்லை. அப்போது தேயிலைச் சரிவிலிருந்து ஒரு பெரியவர் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "எங்க தம்பி போற?" என்றார். போனை நீட்டிக் கோட்டைக் காட்டினேன். அவர் போனைப் பார்க்கவே இல்லை. "கீழ போற தடமா? அதுல சைக்கிள் எங்கிட்டுப் போகும்? அந்தக் காலத்துல சுமை தூக்கிட்டு நடந்து போன தடம்ப்பா அது. கல்லு கல்லாப் படி மாதிரி இருக்கும். இப்ப பாதி புதர் மூடிருச்சு. நேத்து சாயங்காலம்கூட அந்த ஓடைப் பக்கம் யானை நின்னுச்சு. திரும்பிப் போயிரு சாமி."

அந்த "சாமி"யில் இருந்த அக்கறை என்னைக் காப்பாற்றியது என்று சொல்வேன். ஐயாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன். காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். இதே தேனி மாவட்டத்தில் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள், எந்த வழியில் போகிறார்கள் என்று வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிந்திருந்தால்தான் தேடியாவது வர முடியும். நான் நுழைந்திருந்தால், போன் சிக்னலும் இல்லாத அந்த இடத்தில் நான் இருப்பது அந்தப் பெரியவரைத் தவிர ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. வீட்டில்கூட "மேகமலை போறேன்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அனுமதி வாங்கலாமே என்றால், வனத்துறை 2024ல் இணையத்தில் முன்பதிவு செய்யும்படி 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது, அவை நடப்பவர்களுக்கானவை. சைக்கிளுக்கென்று நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்க்காதீர்கள். ஊருக்குக் கிளம்பும் முன்னால் வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை சைக்கிளில் போகலாமா என்று ஊர்ப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தேயிலைத் தோட்டம் என்றால் அது தனியார் நிலம், அவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

திரும்பும்போது அவசரம். நாலு கிலோமீட்டர் வந்திருப்பேன். ஏற்றத்தில் கடைசி கியருக்கு மாற்றினதும் டிரெய்லர் பின்சக்கரக் கம்பிக்குள் போய் மாட்டியது. கடக்கென்று ஒரு சத்தம், சக்கரம் அப்படியே நின்றது, நான் பக்கவாட்டில் விழுந்தேன். பஸ்ஸிலேயே வளைந்திருந்த ஹேங்கர் முறிந்து, டிரெய்லர் செயினோடு தொங்கியது. ஹேங்கர் என்பது முறிவதற்கென்றே மென்மையாகச் செய்கிற துண்டு, சட்டம் உடையாமல் அது உடையும். நானூறு ரூபாய்ச் சாமான். ஆனால் மாடலுக்கு மாடல் வடிவம் வேறு, அவசரத்துக்கு எந்த ஊர்க் கடையிலும் கிடைக்காது. சைக்கிள் வாங்கும்போதே கூட ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் ஒட்டி வைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டாலும், செயின் வெட்டும் கருவி கையில் இருந்தால் டிரெய்லரைக் கழட்டிவிட்டுச் செயினைக் குட்டையாக்கி ஒரே கியரில் ஓட்டி வந்துவிடலாம். என்னிடம் அதுவும் இல்லை. கயிற்றால் டிரெய்லரையும் செயினையும் சட்டத்தோடு கட்டிவிட்டுத் தள்ள ஆரம்பித்தேன்.

மணி மூன்று பத்து. ஐந்து கிலோமீட்டர். வளைவு திரும்பும் ஓர் இடத்தில் ரோட்டு நடுவில் யானை லத்தி, இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. வரும்போது அது அங்கே இல்லை. அந்த இடத்தில் என் காலில் தெம்பு போய்விட்டது. சத்தம் போடலாமா, போடாமல் போகலாமா, ஒன்றும் புரியவில்லை. அம்மா முகம் நினைவுக்கு வந்தது. பத்து நிமிடம் நின்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, ரோட்டின் திறந்த பக்கமாகவே நடந்தேன். மேகம் இறங்கி இருபது அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பெல் மட்டும் அடித்துக்கொண்டே வந்தேன். தனியாகப் போகாதீர்கள் என்று மற்றவர்கள் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்கு அந்த வளைவில் பக்கத்தில் ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும் என்று மனசாரத் தோன்றியது.

நாலரை தாண்டி ஹைவேவிஸ் டீக்கடைக்கு வந்து சேர்ந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முதலில் ஒரு டீயை நீட்டினார், அப்புறம் அவரே சாமான் ஏற்றி வந்த ஒரு ஜீப்பைப் பேசிவிட்டார். 1,500 ரூபாய். அந்த நேரத்தில் அது அநியாயமே இல்லை. சைக்கிளை மேலே கட்டி, செக்போஸ்ட்டை ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தாண்டினோம். மலைக்குப் போகும்போது கையில் இரண்டாயிரம் ரூபாய் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பணம் அனுப்ப முடியாது. என்னிடம் 1,700 இருந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டயர் 3,400, பஸ்ஸும் லக்கேஜும் 500, லாட்ஜ் 800, சாப்பாடு 450, ஜீப் 1,500. திரும்பி வந்து டிரெய்லர் 1,850, ஹேங்கர் 400, கிழிந்ததற்குப் பதில் டயர் 1,650, டியூப் இரண்டு 700, பிரேக் பேட் 600, சர்வீஸ் 500.

ஞாயிற்றுக்கிழமை இரவு தூக்கம் வராமல் அந்த ஜிபிஎஸ் கோப்பை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை படங்களைப் பார்க்கவில்லை, எண்களைப் பார்த்தேன். பதிவான தேதி ஏழு வருடத்துக்கு முந்தையது, காப்பகம் அறிவிப்பதற்கும் முன்னால். சராசரி வேகம் மணிக்கு 3.1 கிலோமீட்டர். இறக்கத்தில் 3.1. சைக்கிளில் எவ்வளவு பயந்து இறங்கினாலும் எட்டு பத்து போகும். அந்தக் கோட்டைப் போட்டவர் நடந்து போயிருக்கிறார்! படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு படத்தில்கூட சைக்கிள் இல்லை, டயர் தடம் இல்லை. ஆஃப்ரோடு என்று அவர் எழுதியது ரோட்டை விட்டு விலகி நடந்தேன் என்ற அர்த்தத்தில். பெரியவர் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்று சொன்னது அப்படியே அந்த எண்ணில் இருந்திருக்கிறது, ஆறு மாதமாக என் போனில்.

இப்போது எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் வேகத்தைப் பார்க்கிறேன், அப்புறம் தேதி, அப்புறம்தான் படம். படத்தில் சைக்கிள் இருந்தாலும் ஆள் மேலே உட்கார்ந்திருக்கிறாரா, இறங்கித் தள்ளுகிறாரா என்று பார்க்கிறேன். அந்தந்த ஊர் டீக்கடைக்கோ லாட்ஜுக்கோ போன் போட்டு, போன வாரம் மழையா, பைக் போகுதா என்று கேட்கிறேன். கோட்டைப் போட்டவருக்கு நடந்ததை எழுதினேன். மூன்று நாளில் பதில் வந்தது. மிகவும் வருத்தப்பட்டு, யாராவது சைக்கிளோடு போவார்கள் என்று நினைக்கவே இல்லை என்றார். தலைப்பை மாற்றிவிட்டார். இப்போது அதில் முதல் வார்த்தையே "நடைப்பயணம்" என்று இருக்கிறது, கீழே சங்கிலி இருக்கும் இடத்தையும் குறித்திருக்கிறார்.